கல்வி அதிகாரிகளுக்கு: ஆறாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தாருங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலிருந்து எழுதுகிறேன். நடக்க முடியாத என் மகளின் வகுப்பைக் கீழே மாற்றக் கேட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை நான் கொடுத்த மனுக்கள் உங்களிடம் வந்திருக்கும். என் மகளின் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வியாழக்கிழமை பள்ளியில் என் முன்னால் நீட்டிய ஒரு வெள்ளைத்தாள். "என் சொந்த விருப்பத்தின் பேரில் மகளை வீட்டுவழிக் கல்விக்கு மாற்றச் சம்மதிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதாவது, இனி அவள் பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே படிக்க வேண்டுமாம். நான் போடவில்லை. அது என் விருப்பமும் இல்லை, அவள் விருப்பமும் இல்லை.

ஆறாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. 22 படிகள். மூளை முடக்குவாதத்தால் நடக்க முடியாத பதினொரு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. கழிப்பறை கீழே, சத்துணவும் கீழே. வாசல் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பேன். மாடித் தாழ்வாரத்தில் அவளுடைய தோழி வந்து கையசைத்தால் ஓடுவேன். நூறு நாள் வேலை போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சில வாரங்களாகத் தோழி கையசைக்கவே இல்லை. அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும் என்று இவள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறாள். கொடுத்தனுப்பிய தண்ணீரை மாலையில் செடிக்கு ஊற்றச் சொல்லியிருக்கிறாள். நீர்க்கடுப்பு வந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போன பிறகுதான் பெற்றவளுக்கே தெரிந்தது.

பிறகு ஒரு மழைநாளில் படி வழுக்கி இருவரும் விழுந்தோம். மறுவாரம் அந்த வெள்ளைத்தாள் வந்தது. வகுப்பைக் கீழே இறக்கக் கேட்டால், பிள்ளையைப் பள்ளியிலிருந்தே இறக்கிவிடப் பார்க்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், கடுமையான குறைபாடுள்ள பிள்ளை வீட்டிலிருந்து படிப்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. தேர்ந்தெடுக்க வேண்டியது பிள்ளை, பள்ளி அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகள் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை தந்திருக்கிறது. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடி வரும் ஆசிரியர்கள் தெய்வம் போன்றவர்கள். என் மகளுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார ஒரு தோழி.

நிதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழகத்துக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்ததை நாங்களும் படித்தோம். அரசுகளின் சண்டையில் முதலில் அடிபடுவது எங்கள் பிள்ளைகளும், அவர்களுக்காக ஒப்பந்தச் சம்பளத்தில் ஊர் ஊராக அலையும் சிறப்பாசிரியர்களும்தான். இப்படியே போனால் இந்தப் பிள்ளைகள் எந்தக் காலத்தில் படித்து முடிப்பார்கள்? மன்னியுங்கள், கோபம் எங்கேயோ இழுத்துப் போய்விட்டது. நான் கேட்பதற்கு அந்தக் கோடிகளில் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை.

தயவுசெய்து ஆறாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். கீழே இருக்கும் எட்டாம் வகுப்பு மாடிக்குப் போகட்டும். பெஞ்சுகளைத் தூக்கி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் நாங்களே வருகிறோம். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பும் கீழேயே இருக்கும்படி இப்போதே எழுத்தில் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்