முழம் போடும் கைகள்

ஆசிரியருக்கு,

மல்லிகை விலையேற்றம் பற்றிய செய்தியைப் படித்தேன். மதுரையில் அப்பத்தா கூடையில் சுமந்து விற்றார், அப்புறம் அம்மா தெருமுனையில் கடை போட்டார், இப்போது நான். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கி முழக் கணக்கில் விற்கிறோம். மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து விலை எகிறினால் திட்டு வாங்குவது நாங்கள்தான்.

அப்பத்தா முழங்கை முதல் நடுவிரல் நுனிவரை அளந்து, கொசுறாக நாலு விரல் விட்டுத்தான் சரத்தை அறுப்பார். எனக்குக் கை குட்டை. பழைய வாடிக்கையாளர்கள் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

2013-ல் மதுரை மல்லிக்கு, இந்த ஊருக்கே உரிய பூ என்று அங்கீகரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, சரி. ஈர வாழைநாரில் நாள் முழுக்கப் பூக்கட்டும் பெண்களின் கூலி பற்றியும் ஒரு செய்தி போடுங்களேன்.

- பூக்கடைக்காரி, மதுரை