மலை இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

அன்புள்ள சுந்தரம்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தில் ஒரு வரி மனதை உறுத்துகிறது. வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறாயாமே. குமரேசண்ணன் ஜீப்பில் சொல்லிக்கொடுத்த வித்தையா?

பழைய கார்புரேட்டர் வண்டியில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. உன்னுடையது, ஈசியூ என்ற கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிடா. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே என்ஜினைச் சுற்றும். ஈசியூ இன்ஜெக்டரை மூடிவிடும், சொட்டுப் பெட்ரோல் போகாது. என்ஜின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்), வண்டி சும்மா நிற்கும்போது இருக்கும் அளவுக்குப் பக்கத்தில் இறங்கினால்தான் மறுபடி திறக்கும். நியூட்ரலிலோ, என்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரியும்.

அதுகூடப் போகட்டும். வண்டியின் எடை முழுவதையும் பிரேக் மட்டுமே பிடித்தால் பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரைவரை இறங்கிவிடும். பின் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஏறின கியரிலேயே இறங்கு, செங்குத்தான இடத்தில் ஒன்று குறை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்றச் சொல்.

மைலேஜ் 16-லிருந்து 13 ஆனதற்கு எத்தனாலையே திட்டியிருக்கிறாய். கொஞ்சம்தான் நியாயம். பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் 20 ஆனதில், ஆற்றல் கணக்குப்படி குறைவது 3, 4 சதவீதம், அதாவது அரை கிலோமீட்டர். மீதி எங்கே போகிறது?

முதலில் சரியாக அள. நாசில் தானாக கட் ஆகும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சைபராக்கி, 300 கி.மீ. ஓட்டி, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பு. டிஸ்ப்ளேயை நம்பாதே. காலையில் வண்டி எடுக்கும் முன்பே, டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ளபடி காற்றுப் பிடி. சமவெளியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்து கி.மீ. போய் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் காட்டு, தொடாதே. ஒன்று மட்டும் கொதித்தால், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஊசி (pin) இறுகியிருக்கலாம். அதுதான் என்றால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் போதும்.

இன்னொன்று, எனக்கு இதில்தான் சந்தேகம். கால் மணி நேரம் ஓடியும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டைப் பார்; என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. ‘நம்ம வெயிலுக்கு எதுக்கு?’ என்று கழற்றி எறியும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். என்ஜின் சூடேறாதவரை ஈசியூ கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

முள் எங்கே நிற்கிறது, எந்தச் சக்கரம் சுட்டது, இரண்டையும் எழுது. அதற்கு முன் மலைக்குப் போனால் கியரில் இறங்கு.

அன்புடன்,
ராசு