சாவி கைக்கு வந்துவிட்டது: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு நன்றி மடல்

தெற்குக் கலிஃபோர்னியா தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

"ஒரு பெரியவருக்கு வீடு கிடைக்கப் போகிறது, வீட்டுச் சாமான் தேவை" என்று போன தீபாவளி சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டேன். அது எங்கெங்கோ சுற்றி, யாரென்றே எனக்குத் தெரியாதவர்கள்கூடப் பாத்திரமும் போர்வையுமாக வந்து நின்றார்கள். எல்லோரையும் தனித்தனியே கூப்பிட்டு நன்றி சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல். பெரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம், மற்றதை எழுதிக்கொள் என்றார்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நகரின் தென்பகுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஹவுசிங் நேவிகேட்டராக இருக்கிறேன். தெருவிலும் காரிலும் கூடாரத்திலும் இருப்பவர்களுக்கு அரசு வாடகை வவுச்சர் கிடைத்தபின், அதை ஏற்றுக்கொள்ளும் வீட்டுக்காரரைத் தேடிப் பிடிப்பது என் வேலை. வவுச்சர் இருந்தால் வாடகையில் நம் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் நாம் கட்ட வேண்டும், மீதியை அரசு நேராக வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

முதல் நன்றி, இந்த லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கடைக்குப் போய் எதையாவது வாங்கிய எல்லோருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2017இல் மெஷர் ஹெச் என்று வாக்கெடுப்பு வைத்து, விற்பனை வரியில் டாலருக்குக் கால் சென்ட் கூட்டி, வீடற்றோர் உதவிக்கு ஒதுக்கினோம். 2024 நவம்பரில் மெஷர் ஏ அதை அரை சென்ட்டாக்கியது. நீங்கள் ஆர்ட்டீசியா பயோனியர் தெருவில் ஒரு புடவை எடுத்திருந்தால், அந்தப் பெரியவரின் வீட்டு அட்வான்ஸில் உங்கள் பங்கும் இருக்கிறது. வரி என்றாலே முகம் சுளிக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மெத்தையை வேனில் ஏற்றும்போது ஓர் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "இந்த ஊரிலேயே வளர்ந்தவர், ஆங்கிலம் தாய்மொழி, விசா தொல்லை கிடையாது. இவர் எப்படிம்மா தெருவுக்கு வந்தார்?" அன்றைக்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன் அண்ணா.

அவர் கறுப்பினத்தவர். லூசியானாவில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவர். அங்கிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் இப்படி வேலை தேடி வந்தன. வேலை கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்த தெருக்கள் இங்கே ஏராளம். 1948இல் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட ஷரத்தை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்றது. ஆனால் 1930களில் அரசே போட்ட வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள், அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. வெஸ்ட் ஆடம்ஸ் பக்கம் சுகர் ஹில் என்ற இடத்தில் வசதியான கறுப்பினக் குடும்பங்கள் வழக்காடி, 1945இல் தங்கள் வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? அந்தக் குடியிருப்பின் நடுவே சான்டா மோனிகா ஃப்ரீவே வந்தது. நகர மையத்திலிருந்து நாம் பீச்சுக்குப் போகிற வழி அதுதான்.

நம் பெரியவரின் அப்பா கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். மகனுக்கு விட்டுப்போகச் சொத்து எதுவும் இல்லை. சவுத் கேட் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது மகனின் வேலையும் போனது. பிறகு பல வருடம் இரவுக் காவல் வேலை. மனைவி போய்ச் சேர்ந்தார், குடியிருந்த கட்டடம் கைமாறியது, வாடகை ஏறியது. முதலில் கார், அதுவும் போனபின் கூடாரம். குடியோ போதையோ இந்தக் கதையில் கிடையாது. அதைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இது ஓர் ஆளின் கெட்ட நேரம் மட்டும் அல்ல. வீடற்றோருக்கான லாஸ் ஏஞ்சலஸ் கூட்டு ஆணையம் 2018 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கவுன்ட்டி மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 9 சதவீதம், வீடற்றவர்களில் 40 சதவீதம் என்று எழுதி, இதற்குக் காரணம் அமைப்புகளில் ஊறிய இனவெறி என்று ஒப்புக்கொண்டு, 67 பரிந்துரைகள் சொன்னார்கள். ஓர் அரசு அமைப்பு இதை இவ்வளவு நேராக அச்சில் போட்டது எனக்கு அப்போது ஆச்சரியம். அந்த அறிக்கையைத் தயாரித்த குழுவின் கூட்டங்களுக்கு வந்து, தெருவில் பட்ட பாட்டை மைக் முன்னால் நின்று சொன்னவர்களுக்கு என் நன்றி. இன்று நாங்கள் அலுவலகத்தில் ஒரு படிவத்தை மாற்றச் சொல்லி வாதாடும்போது அந்த அறிக்கையைத்தான் மேசையில் வைக்கிறோம். பரிந்துரைகள் எல்லாம் நடந்துவிட்டனவா என்று கேட்காதீர்கள், அது வேறு பெரிய கதை.

படிவம் என்றதும் எங்கள் களப்பணியாளர் ஞாபகத்துக்கு வருகிறார். வீடு ஒதுக்க மதிப்பெண் போடுகிற ஒரு கேள்வித்தாள் உண்டு. எத்தனை தடவை ஆஸ்பத்திரி, எத்தனை தடவை ஜெயில், யாராவது அடித்தார்களா என்று முன்பின் தெரியாத ஆளிடம் கேட்க வேண்டும். கறுப்பினத்தவரின் கஷ்டத்தை இது குறைத்துக் காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். முதல் முறை பெரியவர் எல்லாவற்றுக்கும் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்றார், மதிப்பெண் படுத்துவிட்டது. களப்பணியாளர் தாளை மூடி வைத்துவிட்டு, காபியும் டோனட்டும் வாங்கிவந்து, பஸ் நிறுத்த நிழலில் உட்கார்ந்து பேஸ்பால் பேசினார். இப்படியே சில வாரங்கள். அப்புறம் ஒருநாள் பெரியவரே சொல்ல ஆரம்பித்தார். இப்படி உட்கார்ந்திருப்பதற்குக் களப்பணியாளருக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

வவுச்சர் வருவதற்குள் பெரியவர் தன் காகிதங்களை வைத்திருந்த பை போய்விட்டது. ஒரு துப்புரவு நாளில் கூடாரத்தோடு சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டார்கள். அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு அட்டை, மனைவியின் படம், எல்லாம். 2024இல் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் படுத்தால் நகராட்சிகள் தண்டிக்கலாம் என்று சொன்னபின் கலிஃபோர்னியா நெடுக இந்த அள்ளல் கூடியிருக்கிறது.

வீடற்றவருக்குக் கலிஃபோர்னியா அடையாள அட்டையை இலவசமாகத் தருகிறது, இங்கே பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழும் இலவசம். இவர் பிறந்தது லூசியானா. அந்தச் சான்றிதழுக்கு அடையாள அட்டை கேட்டார்கள், அட்டைக்குச் சான்றிதழ் கேட்டார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை. முடிச்சை அவிழ்த்தது அவருடைய அக்கா. எண்பதை நெருங்கும் அந்த அம்மா, தன் சர்ச்சில் ஒருவரைக் காரோட்டச் சொல்லி, உடன்பிறந்தவர் என்ற உரிமையில் அலுவலகத்தில் போய் நின்று வாங்கி அனுப்பினார். கட்டணமும் தபால் செலவும் டோரன்ஸ் குடும்பம் ஒன்று கொடுத்தது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, நான் போனில் படித்துச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான அலைச்சல். வவுச்சருக்கு ஆரம்பக் கெடு குறைந்தது 60 நாள், நீட்டிப்பு வாங்கலாம், ஆனால் முடிவே இல்லாமல் அல்ல. வவுச்சர்காரர் என்பதற்காக மறுப்பது 2020 ஜனவரி முதல் இந்த மாநிலத்தில் சட்டப்படி தவறு. அதனால் யாரும் மறுப்பதில்லை, "இப்போதுதான் போச்சு" என்பார்கள். ஓரிடத்தில் அப்படிச் சொன்ன அரை மணி நேரத்தில், நம் சங்கத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி அதே எண்ணுக்குப் போன் செய்தாள். வீடு காலியாக இருந்தது, நாளைக்கே வந்து பார்க்கச் சொன்னார்கள். தேதி, நேரம், பேசியது எல்லாவற்றையும் அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அதை வைத்து மாநிலத்தின் சிவில் உரிமைத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம், நிலுவையில் இருக்கிறது. கண்ணு, உன் கையெழுத்துக்குத் தனி நன்றி.

கடைசியில் வீடு கொடுத்தவர் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மா. நான்கே வீடு கொண்ட சின்னக் கட்டடம், ஒன்றில் அவரே குடியிருக்கிறார். கேட்டது ஒரே கேள்வி: சிகரெட் பிடிப்பாரா? அரசு ஆய்வாளர் வந்து பார்த்தபோது படுக்கையறை ஜன்னல் தாழ்ப்பாள் விழவில்லை என்று முதல் தடவை ஃபெயில் ஆக்கிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் போங்கடா என்றிருப்பார்கள். இந்த அம்மா மருமகனைக் கூப்பிட்டு ஜன்னலை மாற்றி, மறு ஆய்வுக்கு வரும்வரை வாடகை இல்லாமல் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார். வீட்டுக்காரர்களை நான் திட்டும் அளவுக்கு இவரைப் புகழவும் வேண்டும்.

இப்போது நம் ஆட்கள். மெத்தை விஷயத்தில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டிலிருந்து வந்த பழைய மெத்தையைப் பெரியவர் வேண்டாம் என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று குழுவில் ஒரு முணுமுணுப்பு. முகாம்களில் மூட்டைப்பூச்சிக் கடியோடு தூங்கியவர் அவர். தன் வீட்டுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லும் உரிமைதானே வீடு என்பது? செரிட்டோஸ் அக்காவும் எர்வைன் நண்பர்களும் ஒரு வார்த்தை பேசாமல் புது மெத்தை வாங்கி இறக்கினார்கள். முணுமுணுத்தவரும் மறுநாள் ஒரு நல்ல மேசை விளக்கோடு வந்தார். சந்தோஷம்.

1968இல் வந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கறுப்பின மக்கள் போராடி வாங்கியது. நம் பெயரைக் கேட்டு வீடு இல்லை என்று சொன்னால் நாம் வழக்குப் போடலாம் என்றால், அந்தச் சட்டத்தால்தான். அதனால் பெரியவர் நமக்குக் கடன்பட்டிருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். கணக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது.

கவுன்ட்டியின் 2025 கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் 72,308 பேர், முந்தைய வருடம் 75,312. இறங்குகிறது. ஆனால் என் மேசையில் கோப்புகள் குறைந்தபாடில்லை. அடுத்து ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், வவுச்சர் கையில் இருக்கிறது, வீடு தேடுகிறோம். மீந்த பணத்தை அவர்களுக்கு வைத்திருக்கிறேன், வரவு செலவு குழுவில் போடுகிறேன். பிரஷர் குக்கர் மட்டும் இனி யாரும் தர வேண்டாம், என் கராஜில் ஐந்து நிற்கிறது. வேண்டியது குளியலறைத் திரை, டின் திறக்கும் கருவி, கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் சேர்த்துப் பிள்ளைகளின் அடுக்குக் கட்டிலுக்கு மெத்தை இரண்டு. புதிதாக.

அன்புடன்,
உங்கள் ஹவுசிங் நேவிகேட்டர்