கத்தரியும் கிலோ கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவியல் வளர்ந்தால் உழைப்பாளியின் சுமை தானாகக் குறையும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மூணாறு மலையிலிருந்து வாசிக்கும்போது ஏற்க முடியவில்லை. அமெரிக்க எஃகு ஆலைகளில் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர் நிறுத்துகடிகாரத்தால் ஒவ்வோர் அசைவையும் அளந்ததன் விளைவு, தொழிலாளியிடம் இருந்த வேலை நுணுக்கம் நிர்வாகத்தின் கைக்குப் போனதுதான்.

இங்கே தேயிலைத் தோட்டங்களில், விரலால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியால் வெட்டத் தொடங்கியதும் அன்றாடம் எடுக்க வேண்டிய கிலோ அளவு உயர்ந்தது. தோள்வலி கூடியதை லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெண்களிடம் கேட்டால் தெரியும் (கட்டுரையாளர் கேட்டதாகத் தெரியவில்லை). 2015 செப்டம்பரில் அவர்கள் 20 சதவீத போனஸும் 500 ரூபாய் நாள்கூலியும் கேட்டுச் சாலையில் அமர்ந்தது, கத்தரியும் இயந்திரமும் வந்து பல்லாண்டு கழிந்த பிறகுதான். அடுத்த கட்டுரையிலாவது இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேவிகுளம்