ஜிம்முக்குப் போகக் கூச்சப்படும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாயே, டாக்டர் சொல்லியும் ஜிம்முக்குள் நுழையக் கூச்சமாக இருக்கிறது, அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒல்லியாகவே இருக்கிறார்கள் என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ரிச்சர்ட் சிம்மன்ஸ் ஞாபகம்தான்.

சுருட்டை முடியும் கல் பதித்த பனியனும் குட்டை டிரவுசருமாக அமெரிக்க டிவியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துத் துள்ளிக்கொண்டிருந்தாரே, அவர்தான். 1948இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கும்போதே 120 கிலோவுக்கு மேல் இருந்தார். பட்டினி கிடந்து கன்னாபின்னாவென்று இளைத்து, உடம்பைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிடவும் பயிற்சி செய்யவும் பழகினார். 1974இல் பெவர்லி ஹில்ஸில் சொந்தமாக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். ஸ்லிம்மன்ஸ் என்ற பெயரில் அது பிரபலமானது. குண்டாக இருப்பவர்கள் தயங்காமல் வரலாம் என்பதுதான் அதன் சிறப்பே. 1980இல் தொடங்கிய அவருடைய டிவி நிகழ்ச்சி நாலு வருஷம் ஓடி, டிவி நிகழ்ச்சிகளுக்கு அங்கே தரும் எம்மி விருதும் வாங்கியது. அப்புறமும் அவர் வகுப்பை விடவில்லை, அறுபது வயது தாண்டியும் அதே கூடத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

1988இல் வந்த அவருடைய வீடியோவை நீ பார்க்க வேண்டும். பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளுக்கு ஒரு கூட்டமே ஆடும். அதில் ரொம்பப் பருமனானவர்கள், வயதானவர்கள் எல்லோரும் இருப்பார்கள், யாரையும் பின்வரிசையில் ஒளித்து வைக்கவில்லை. கடைசியில் ஒவ்வொருவராக ஆடிக்கொண்டு முன்னால் வரும்போது, அவர்கள் எவ்வளவு எடை குறைத்தார்கள் என்று திரையில் எழுத்து ஓடும். அந்த முகங்களில் தெரியும் பெருமையைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். தனக்குக் கடிதம் போட்டவர்களைத் தானே ஃபோனில் கூப்பிட்டு, சாப்பாடு, குடும்பம், கவலை எல்லாம் விசாரிப்பார். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு இப்படி வருஷக்கணக்கில் பேசியிருக்கிறார் என்பதுதான், அவர் டிவியில் சம்பாதித்த பேரை எல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2008இல் பள்ளிகளில் உடற்கல்வி வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாலும் போய்ப் பேசினார்.

2014இல் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். உடனே யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள், அது இது என்று கதை கட்டினார்கள், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவரே சொன்ன பிறகும் விடவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் ஓடியவரைக் கொஞ்சம் நிம்மதியாக இருக்க விட்டிருக்கலாம். 2024 ஜூலை 13 அன்று, 76வது பிறந்தநாளுக்கு மறுநாள், காலமானார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஜிம் இப்போதைக்கு வேண்டாம். ஹாலில் சோபாவைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உனக்குப் பிடித்த இளையராஜா பாட்டைப் போடு. முட்டி வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே கையை வீசு, ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வீடியோ காலில் வருகிறேன், சேர்ந்தே ஆடலாம். சர்க்கரை ரிசல்ட் வந்ததும் எழுது.

அன்புடன்,
மலர்