பல்லூட்டிகளின் பால் கதை: ஒரு நன்றி மடல்

ஆச்சி, உங்கள் ஆட்டுக்கல்லும் குழவியும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே இரண்டாம் கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டன. ஒரு கீறல்கூட இல்லை. தூக்கிய நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் இடுப்பு பிடித்துக்கொண்டு இன்னும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நன்றி மடலை இப்படியா ஆரம்பிப்பது என்று கேட்காதீர்கள், மூன்று நாளாக யார் வீட்டுச் சாமான் எங்கே இருக்கிறது என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், போன சனி ஞாயிறு, ஆச்சி வீட்டு முகப்பில் ஒரு பல் கண்காட்சி போட்டோம். பல் டாக்டர் முகாம் என்று நினைத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், அவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். இருபது கோடி ஆண்டுக்கு முன்னால் வாழ்ந்த முதல் பாலூட்டிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவற்றின் பல்லிலிருந்து வந்தது. சுண்டெலி அளவு உடம்பு, அதன் எலும்பு நொறுங்கிக் காணாமல் போய்விடும், ஆனால் பல்லின் மேலே இருக்கும் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் வெறும் தாது, அது கிடக்கும். அந்தக் கதையை என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வாயாலேயே ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வாசலில் கட்ட ஃபிளெக்ஸுக்குச் சொல்லியிருந்தோம். ‘பாலூட்டிகளின் பல் கதை’ என்று எழுதிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் ‘பல்லூட்டிகளின் பால் கதை’. எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், அவர்கள் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பிள்ளைகள்தான் அதை அப்படியே கட்டிவிட்டார்கள். கட்டினது நல்லதாகப் போயிற்று, ஏன் என்று கீழே வரும்.

கொத்தனார் அண்ணனுக்கு என்ன நன்றி சொல்லி என்ன ஆகப்போகிறது. செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கலந்து கண்ணாடி மாதிரிச் சுவர் பூசுகிற கை அது. அந்தக் கையிடம் போய், கடுகு அளவுப் பல்லைப் பூசணிக்காய் அளவுக்குச் செய்து கொடுங்கள் என்று மூன்று படத்தை நீட்டினேன். கூலி பேசவில்லை. “முகடு எந்தப் பக்கம் சாயணும், அதை மட்டும் சரியாச் சொல்லு ஆத்தா” என்றார். கேட்டாரே ஒரு கேள்வி, மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

முதல் பல் மோர்கனுகோடானுடையது. (பெயரில் மோர் இருக்கிறதே டீச்சர் என்றான் ஒருவன். இருக்கட்டும்.) சுமார் 20.5 கோடி ஆண்டுக்கு முந்தைய பிராணி, வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் கிடைத்த பல்லை வைத்து வால்டர் கியூனே 1949-இல் பெயர் வைத்தார். அதன் கடைவாய்ப்பல்லில் முகடுகள் ஒரே வரிசையில் நிற்கும், நடுவில் உயரம், இரண்டு பக்கமும் தணிவு, அண்ணன் அதைப் பார்த்துவிட்டு “மதில் மேல கலசம் வெச்ச மாதிரி” என்றார். இரண்டாவது கியூனியோதீரியம், அதே வட்டாரம், கியூனேயின் பெயரைத் தாங்கியது. அதில் முகடுகள் வரிசையிலிருந்து விலகி முக்கோணமாக நிற்கத் தொடங்கிவிட்டன. மூன்றாவதில் முக்கோணத்துக்குப் பின்னால் ஒரு குழி.

அந்தக் குழிக்காகத்தான் ஆட்டுக்கல்.

கீழ்ப்பல்லில் குழி, மேல்பல்லில் அந்தக் குழிக்குள் சரியாக வந்து உட்காருகிற ஒரு முகடு. முன்பாதி முக்கோணத்தின் ஓரங்கள் ஒன்றோடொன்று உரசி வெட்டும், பின்பாதி அரைக்கும், இரண்டும் ஒரே கடியில் முடிந்துவிடும். தேய்ப்பதற்கும் ஆப்புக்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, ஜார்ஜ் கேலர்டு சிம்ப்ஸன் 1936-இல் இதற்கு டிரைபோஸ்பீனிக் பல் என்று பெயர் கொடுத்தார். இப்படிப்பட்ட பல்லோடு மடகாஸ்கரில் ஒரு சின்னத் தாடைத் துண்டு கிடைத்து, 1999-இல் அதற்கு அம்போண்ட்ரோ என்று பெயரிட்டார்கள், வயது சுமார் 16.7 கோடி ஆண்டு. நம் கடைவாய்ப்பல்லும் இந்த அமைப்பிலிருந்து வந்ததுதான், முகடுகளைக் கொஞ்சம் மழுக்கி வைத்திருக்கிறது. பிள்ளைகள் ஒரு பக்கம் அரிவாள்மனை, ஒரு பக்கம் ஆட்டுக்கல் வைத்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்தபடியே சொன்னார்கள்: “வெட்டுறதும் அரைக்கிறதும் ஒண்ணுலயே நடக்குதுன்னா அது மிக்ஸியில்ல ஆத்தா? அப்ப எதுக்கு என் கல்லத் தூக்கிட்டு வந்திய?” என்னிடம் பதில் இல்லை ஆச்சி. அடுத்த தடவை மிக்ஸிதான்.

கறிக்கடை பாய்க்குத் தனியாக ஒரு வணக்கம். எட்டு ஆட்டுத் தாடை, வேகவைத்துச் சதை வழித்து, வாடை வராமல் வெயிலில் காயவைத்துக் கொடுத்தார், அதோடு விடாமல் ஞாயிறு மதியம் வியாபாரத்தை முடித்துவிட்டு நேரே வந்து நின்றார். மூன்று தாடையை வரிசையாக வைத்தார். “இது பால் பல்லு. இது ரெண்டு பல்லு போட்டது, நடுவுல பாரு, ரெண்டு மட்டும் அகலமா இருக்கா? இது கடை சேர்ந்தது.” ஒரு பிள்ளை கேட்டது, அதுக்கு அப்புறம் பாய்? “அப்புறம் என்ன அப்புறம், விழுந்தா விழுந்ததுதான்.” நான் மூன்று அட்டையில் எழுதி வைத்திருந்ததை மனுஷர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பாலூட்டி என்றால் பொதுவாக வாழ்நாளில் இரண்டே செட். சுவரில் இருக்கும் பல்லிக்கு அப்படியில்லை, விழ விழ முளைக்கும், முதலைக்கும் அதே கதை. இது கேட்க வசதியாக இருக்கிறது, ஆனால் எப்போதும் ஏதோ ஒரு பல் விழுந்துகொண்டும் முளைத்துக்கொண்டும் இருந்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தி உட்கார வழியில்லை. குழவி ஒரு அளவு, கல் ஒரு அளவு என்றால் மாவு எப்படி ஆட்டுவது? மோர்கனுகோடான் இரண்டு செட்டோடு நிறுத்திக்கொண்டது. குட்டி பால் குடித்து வளர்ந்தால் தாடை பாதி வளர்கிற வரைக்கும் பல்லே வேண்டியதில்லை, வளர்ந்த தாடையில் வந்தால் இரண்டு செட்டே போதும், அதனால் இரண்டு செட் பல் என்பதே தாய்ப்பால் தொடங்கியதற்கு ஒரு தடயம் என்று ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள். ஆக, பல் கதை பால் கதையேதான். ஃபிளெக்ஸ் கடைக்காரரே, மீதிப் பாதிக் காசையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டரம்மா ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் எக்ஸ்ரேயைப் பெயரை மறைத்துக் கொடுத்தார்கள், பால் பல்லுக்கு அடியில் அடுத்த செட் வரிசை கட்டிக் காத்திருப்பது அதில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாண்டு பயந்து அழுதது, அதற்கு டாக்டரம்மா பொறுப்பில்லை.

பலகாரம் செய்து தந்த மகளிர் குழு அக்காமார்களே, நீங்கள் தந்தது பசிக்கு என்று நினைத்திருப்பீர்கள். நான் அதைப் பாடத்துக்கு எடுத்துவிட்டேன். ஒரு கையில் சீப்புச் சீடை, இன்னொரு கையில் வெள்ளைப் பணியாரம், எதை எந்தப் பல்லால் எப்படிக் கடிக்கிறாய் என்று கவனி என்று பிள்ளைகளிடம் சொன்னோம். 2014-இல் ஒரு குழு இதைத்தான் அந்தப் பழைய பற்களிடம் கேட்டது. பல்லின் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை இன்றைய வௌவால்களின் பல் தேய்மானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மோர்கனுகோடான் வண்டு மாதிரி ஓடு உள்ள கடினமான பூச்சியைத் தின்றிருக்கிறது, கியூனியோதீரியம் மெத்தென்ற பூச்சியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் வாழ்ந்தவை, ஒன்று சீடைக் கட்சி, ஒன்று பணியாரக் கட்சி. 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு பல்லின் வேரில் மர வளையம் போலப் படியும் வளையங்களைச் சக்திவாய்ந்த எக்ஸ்ரே கொண்டு எண்ணியது. மோர்கனுகோடான் 14 ஆண்டு வரை, கியூனியோதீரியம் 9 ஆண்டு வரை வாழ்ந்திருக்கின்றன. நம் வீட்டு மூஞ்சூறு ஓரிரு ஆண்டைத் தாண்டினால் பெரிது. பல் பாலூட்டியாகிவிட்டது, உடம்பு இன்னும் பல்லி மாதிரி நிதானமாகத்தான் ஓடியிருக்கிறது. எனக்கு இந்த இரண்டு ஆய்வும் ரொம்பப் பிடிக்கும், பெரிய எலும்புக்கூடு எதுவும் இல்லாமல் கடுகு அளவுப் பல்லிலிருந்து சாப்பாட்டையும் ஆயுசையும் எடுத்துவிட்டார்கள்.

அதே அக்காமார்களுக்கு இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. இத்தகைய பற்களைத் தேடுகிறவர்கள் மூட்டை மூட்டையாகப் படிவ மண்ணை எடுத்து, ஊறவைத்துக் கரைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, மிஞ்சியதை உருப்பெருக்கியில் ஒவ்வொரு துணுக்காகப் பார்ப்பார்கள். இந்தியாவின் முதல் கிரெட்டேசியஸ் காலப் (டைனோசர்களின் கடைசிக் காலம்) பாலூட்டி என்று ஜி. வி. ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988-இல் அறிவித்த டெக்கானோலெஸ்டஸ் தெலங்கானாவின் நஸ்கலில், எரிமலைக் குழம்பு உறைந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருந்த வண்டலிலிருந்து, மிகச் சின்னப் பற்களாகத்தான் வந்தது. பிள்ளைகள் செய்து பார்க்கட்டும் என்று கண்மாய் மண்ணில் பத்து வெள்ளைப் பாசிமணியைக் கலந்து வைத்தேன். அரை மணி நேரத்தில் அவர்கள் கண்டுபிடித்தது மூன்று. ஒரு அக்கா முறத்தை வாங்கினார், இரண்டு புடை, ஒரு கொழி, ஏழையும் எடுத்து என் கையில் போட்டுவிட்டுப் பணியாரச் சட்டியைப் பார்க்கப் போய்விட்டார். முப்பது வருஷம் அரிசியில் கல் பொறுக்கிய கண்.

இப்போது கொஞ்சம் சங்கடமான நன்றி. மத்தியப் பிரதேசத்தில் டிக்கி படிவம் என்ற பழைய பாறை அடுக்கில் கிடைத்த டிக்கிதீரியம் என்ற ஒற்றை மேல்பல்லுக்கு நான் பெரிய அட்டை எழுதியிருந்தேன். 2005-இல் அறிவித்தது, டிரயாசிக் காலம், உலகின் மிகப் பழைய பாலூட்டிகளில் ஒன்று நம் நாட்டிலேயே என்று சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி, பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிட வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த ஒரு கல்லூரித் தம்பி எட்டிப்பார்த்தார். “மேடம், இது மாறிடுச்சே” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவளிடம் வந்து ஒரு பையன் சொல்வதா என்று, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வெடுக்கென்றே பேசிவிட்டேன். அவர் போனில் கட்டுரையைத் திறந்து காட்டினார். 2024-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் அவெரியானோவும் வோய்டாவும் மறுபடி பார்த்திருக்கிறார்கள். இருபது கோடி ஆண்டுக்கு முந்தைய பல்லுக்கு அது ரொம்பவே முன்னேறிய அமைப்பு, ஒவ்வொரு அம்சமும் மூஞ்சூறின் மேல்பல்லோடு ஒத்துப்போகிறது, ஆகவே அது வெகு பின்னால், நியோஜீன் காலத்தில், அதாவது கடந்த 2.3 கோடி ஆண்டுக்குள் வாழ்ந்த ஒரு மூஞ்சூறு என்று முடிவு சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளையாரைப் பார்க்க வந்தவர் அவர் வாகனத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையைக் கிழிக்கவில்லை தம்பி. பழைய வரியை ஒரு கோடு போட்டு அடித்து, கீழே புது வரியை எழுதி, இரண்டும் தெரியும்படி வைத்தேன். கண்காட்சியிலேயே அதிகம் பேர் நின்று படித்த அட்டை அதுதான். அந்த இடத்தில் என் கௌரவத்தை நிரப்ப, கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவத்திலிருந்து கோட்டாதீரியத்தையும் திரிசூலோதீரியத்தையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன், அவை டிரயாசிக்குக்கு அடுத்த ஜுராசிக் காலம். முன்னதன் முழுப் பெயர் கோட்டாதீரியம் ஹால்டேனி, நம் நாட்டுக் குடிமகனாகவே வாழ்ந்து மறைந்த உயிரியலாளர் ஹால்டேனின் பெயரைத் தாங்கியது, பின்னதன் பெயரில் சூலமே இருக்கிறது. இதிலும் ஏதாவது மாறியிருந்தால் சொல்லுங்கள், இந்தத் தடவை வெடுக்கென்று பேச மாட்டேன்.

மற்றவர்களுக்கு வேகமாக. நாற்காலி கொடுத்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன், இரண்டு நாளும் கரண்ட் போகும்போதெல்லாம் ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பிய தம்பி, முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையிலிருந்து பித்தளைப் பிடி போட்ட பூதக்கண்ணாடியை இரவல் தந்தவர், மேசைக்கு விரிக்கத் தன் கண்டாங்கியையே கொடுத்துவிட்டுக் கறை படுமோ என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, எல்லாருக்கும். (கறை படவில்லை அத்தை. ஓரத்தில் லேசாக எண்ணெய். பணியாரம்.)

எங்களிடம் இன்னும் இருப்பவை: இரண்டு குடை, டிபன் கேரியர் மூடி ஒன்று, ஒரு கால் கொலுசு. அப்புறம் ஒரு தீப்பெட்டி. ஞாயிறு சாயங்காலம் மஞ்சள் பாவாடை போட்ட பாப்பா ஒன்று சீடை கடித்தபோது முன்பல் விழுந்து, அழாமல் கொள்ளாமல் நேராக வந்து அதைக் கண்டாங்கி மேல் மோர்கனுகோடானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “இதுவும் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. பல் தீப்பெட்டிக்குள் பஞ்சில் பத்திரமாக இருக்கிறது. சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிய வேண்டும் என்று அப்பத்தா தேடிக்கொண்டிருக்கலாம். பாப்பா யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், டியூஷன் நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.