உன் அம்மா வீட்டுக் கிணற்றடி லில்லி

மல்லேஸ்வரம், பெங்களூரு,
மார்ச் முதல் வாரம்.

அன்புள்ள ராஜி,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. மூட்டுவலி மட்டுப்பட்டு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற படத்தை அவரிடம் காட்டினேன். முழிப்பெல்லாம் அப்படியே உன் அம்மாதான் என்றார். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவர் தினமும் காலையில் சாங்கி ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறார். பெரியவள் வேலை மாறி ஒயிட்ஃபீல்டு பக்கம் குடிபோய்விட்டாள். ஒரே ஊர்தான், ஆனால் போக்குவரத்தில் மாட்டி வந்து சேர்வதற்குள் அரை நாள் ஓடிவிடுகிறது.

அம்மா வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். பாட்டனி பரீட்சைக்கு நாம் இரண்டு பேரும் படித்ததெல்லாம் அந்தக் கிணற்றடித் துவைகல்லில்தானே. தம்பியின் முடிவு அது, நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீ அனுப்பிய போட்டோவின் ஓரத்தில் கிணற்றடி லில்லி (பாட்டனியில் ஹிப்பியாஸ்ட்ரம்) தண்டு விட்டு மொட்டோடு நிற்கிறது. சிவப்பு இதழ், நடுவில் வெள்ளைக் கோடு. கிழங்குகளை எல்லாம் தோண்டி உன் ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோய்விடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூத்து முடிந்தபிறகு, இலையோடு, வேர் அறாமல் எடு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வேண்டியது அந்தப் பூவின் மகரந்தம்.

கிழங்கே அனுப்புகிறேன் என்பாய். கிழங்கு வந்தால் உன் வீட்டுச் செடி இங்கேயும் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். மகரந்தம் வந்தால் அதற்கு இங்கே பிள்ளைகள் பிறக்கும். லால்பாக் பக்கத்து நர்சரியில் வாங்கிய, இதே ஜாதி டச்சு வெள்ளை லில்லி ஒன்று என் மாடியில் இருக்கிறது. தட்டளவு பூ, தொண்டையில் இளம்பச்சை. இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு நீண்ட நாளாக ஆசை. கஷ்டம் என்னவென்றால் இரண்டும் சேர்ந்து பூப்பதில்லை. கோவை வெயிலுக்கு உன்னுடையது மார்ச்சில் பூத்து முடிந்துவிடும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இரவில் இன்னும் குளிர் விடவில்லை. என் வெள்ளை ஏப்ரல் கடைசிக்கு முன்னால் தண்டு நீட்டாது.

அதனால்தான் இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னக் குப்பி வைத்திருக்கிறேன். ஹோமியோபதி மாத்திரைக் குப்பிதான். அடியில் மஞ்சளாக ஒட்டியிருப்பது போன ஏப்ரலில் பூத்த என் வெள்ளையின் மகரந்தம். வருஷம் முழுக்க என் ஃப்ரீசரில் இருந்தது. அந்தப் பூ வாடிப் பல மாதமாகிவிட்டது, ஆனால் இந்த மார்ச்சில் உன் அம்மா வீட்டுக் கிணற்றடியில் அது தகப்பனாகலாம். எந்தத் தேனீயாலும் முடியாத காரியம் இது, ராஜி.

போன கடிதத்தில் கேட்டிருந்தாய், தேனீ செய்கிற வேலையை நீ ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்று. ஆரம்பம் வயிற்றுப்பாட்டுக்குத்தான். எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த பெரிய தேன்கூட்டைப் புகை போட்டுக் கலைத்துவிட்டார்கள். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. இன்னமும் எனக்கு அது ஆறவில்லை. அந்த வருஷம் மாடியில் பூசணி எல்லாம் பிஞ்சிலேயே வெம்பி விழுந்தது. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, காலையிலேயே பெண் பூவில் தொட்டு வைக்க ஆரம்பித்தேன். சுரைக்கு அந்தி வேளை, ஏனென்றால் அது சாயங்காலம்தான் விரியும். காய் பிடித்தது. அதிலிருந்து லில்லிக்கு வந்துவிட்டேன். தேனீ எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. கையால் செய்தால் தாய் எது தகப்பன் எது என்று எழுதி வைக்கலாம், பிள்ளையைப் பார்த்து அடுத்து யாரோடு யாரைச் சேர்ப்பது என்று யோசிக்கலாம்.

இது இயற்கைக்கு மாறான வேலை என்று நீ நினைத்தால், உன்னைச் சுற்றிப் பார். சத்தியமங்கலம் சம்பங்கியில் பிரஜ்வல் என்று ஒரு ரகம் இருக்கிறதே, அது எங்கள் ஊர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஷிருங்கார், மெக்ஸிகன் சிங்கிள் என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்துப் பிறந்தது. 1918ல் கோயம்புத்தூரில் வெளிவந்த கோ 205 கரும்பு, தோட்டக் கரும்பையும் காட்டு நாணலையும் சேர்த்தது. வெனிலா இன்னும் பெரிய கதை. 1841ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைப் பையன், பூவுக்குள் இருக்கும் சின்னத் தடுப்பை ஒரு குச்சியால் தூக்கி மகரந்தத்தை விரலால் அழுத்திக் காட்டினான். இன்றைக்கும் குடகிலும் கேரளத்திலும் அப்படித்தான் ஒவ்வொரு பூவாகக் கையால் தொடுகிறார்கள். உலகம் சாப்பிடும் இயற்கை வெனிலா கிட்டத்தட்ட முழுதும் அந்தப் பையனின் விரல் வித்தை. அவனுக்கு அதில் காசு எதுவும் வரவில்லை, ஏழையாகவே செத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நம் லில்லிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. தென் அமெரிக்கச் செடி. இதில் முதல் கலப்பினத்தை 1799ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆர்தர் ஜான்சன் என்பவர் உண்டாக்கினார். அவர் தோட்டக்காரர் இல்லை, கடிகாரம் செய்பவர். ரெஜினே என்ற சிவப்பையும் விட்டாட்டம் என்ற கோடு போட்டதையும் சேர்த்தார். வந்தது சிவப்பில் வெள்ளைக் கோடு! உன் கிணற்றடிச் செடியின் சாயல் அப்படியே அதுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். பொறுமையாகப் படி.

மொட்டு விரியப்போகிற காலையில் போய்ப் பார். உள்ளே ஆறு கேசரம் இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் நீளமாக, வழவழப்பாக ஒரு மகரந்தப்பை. அது வெடிப்பதற்கு முன்னால் புருவம் திருத்தும் ட்வீஸரால் ஆறையும் கிள்ளி எடுத்து, பட்டர் பேப்பரில் பரப்பி, நிழலில் வை. வெயில் கூடாது, ஃபேன் காற்றும் படக்கூடாது. மறுநாள் பார்த்தால் பை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, சுருண்டு, மேலெல்லாம் மஞ்சள் தூள் பூத்திருக்கும். அதை அப்படியே வேறொரு குப்பியில் எனக்காகப் போட்டு வை, தூளை உதிர்க்கக்கூட வேண்டாம். மாத்திரை டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டையும் குப்பியையும் ஒரு மூடி இறுகிய டப்பாவில் சேர்த்து வைத்துவிடு. நீல நிற மணியாகக் கிடைக்கும் சிலிகாவாக இருந்தால் இன்னும் நல்லது, ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகி உனக்கே சொல்லிவிடும். ஆனால் அந்த நீலம் விஷம், பேத்தியின் கைக்கு எட்டாமல் வை. சமையல் சட்டியில் போட்டு வறுத்துக் காயவைக்காதே.

மகரந்தத்துக்கு எமன் ஈரம்தான், அதற்கு அடுத்துதான் சூடு. நன்றாகக் காய்ந்தது ஃப்ரிட்ஜில் சில வாரம் தாங்கும், ஃப்ரீசரில் வருஷமும் தாங்கும். ஹெசரகட்டாவில் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் மகரந்தத்தைப் பாதுகாத்து வைக்கிறார்கள். எல்லாப் பூவும் இப்படிப் பொறுத்துப்போகாது. மகரந்தத்தில் இரண்டு உட்கரு, மூன்று உட்கரு என்று மேடம் போர்டில் படம் போட்டார்களே, நினைவிருக்கிறதா? மூன்று உட்கரு உள்ள சோளம், புல் வகையெல்லாம் சில மணி நேரத்திலேயே உயிர் விட்டுவிடும். லில்லிக்கு இரண்டு, அதனால் பெட்டியில் கிடந்து காத்திருக்கும். அன்றைக்கு மனப்பாடம் செய்த வரி இத்தனை வருஷம் கழித்துச் சமையலறையில் கைகொடுக்கிறது.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, அதோடு போரிக் ஆசிட் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளி. ப்ரூபேக்கர், குவாக் என்ற விஞ்ஞானிகள் 1963ல் எழுதிய கலவையில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் உப்புகளும் உண்டு. வீட்டுச் சோதனைக்கு நான் அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு விட்டு, மகரந்தத்தைத் தூவி, சில மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உயிருள்ள மணியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று நீண்டிருக்கும். உனக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்தக் குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். குழாய் விட்டது. அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான் அனுப்பும் குப்பி கைக்கு வந்ததும் ஃப்ரீசரில் திரும்ப வைக்காதே, உறைந்து இளகி மறுபடி உறைந்தால் வீணாகிவிடும். சாதாரண ஃப்ரிட்ஜ் போதும். வெளியே எடுத்ததும் திறக்காதே. அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடிக்குள் நீர் முத்து கட்டி மொத்தமும் போய்விடும். கேசரம் கிள்ளிய பூவில் நடுவே நீண்டு நிற்கும் சூலகத்தண்டைத் தினமும் பார். இரண்டு மூன்று நாளில் அதன் நுனி மூன்றாகப் பிரிந்து வளையும், தொட்டால் லேசாக ஒட்டும். அதுதான் நேரம். காலையில் வெயில் ஏறுவதற்குள், காதுக்குப் போடும் பட்ஸால் அல்லது விரல் நுனியாலேயே மஞ்சளை மூன்று மடலிலும் தடவு. மறுநாளும் ஒரு தடவை தடவிவிடு. காம்பில் நூலால் ஒரு சீட்டுக் கட்டு. பென்சிலால் எழுது, பேனா மை மழையில் கரையும். தாய் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தகப்பன், தேதி. இந்தச் சீட்டு இல்லையென்றால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை என்பேன்.

பிடித்துவிட்டால் ஒரு வாரத்திலேயே பூவுக்கு அடியில் பச்சைக் காய் பருக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மஞ்சளடித்து மூன்று பிளவாக வெடிக்கும். உள்ளே எரிந்த காகிதத் துண்டு மாதிரி கறுப்பாக, தட்டையாக விதைகள் அடுக்கியிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. நடுவில் சின்னப் புடைப்பு தெரிந்தால் உயிருள்ளது, தெரியாவிட்டால் சக்கை. வைத்து வைத்துப் போடக்கூடாது, உடனே ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்கவிட்டால் முளைக்கும். பாதி உனக்கு, பாதி எனக்கு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏமாறாதே. காட்டு இனங்களில் குரோமோசோம் 22, பெரிய டச்சுப் பூக்களில் பெரும்பாலும் 44. ஒன்றுக்கொன்று கணக்கு ஒத்துவராவிட்டால் காய் பருத்தும் உள்ளே சக்கையாக இருக்கலாம். அதனால்தான் இரண்டு பக்கமும் செய்து பார்ப்போம் என்கிறேன், என் மகரந்தம் உன் பூவில், உன் மகரந்தம் என் பூவில். பல கலப்புகளில் ஒரு பக்கம் பிடிக்காதது மறுபக்கம் பிடித்திருக்கிறது. முளைத்தாலும் பூ வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். நம் வயதில் இதற்குக் காத்திருக்கலாமா என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்டாலும் என் பதில் காத்திருக்கலாம் என்பதுதான். அதுவரைக்கும் நீயும் நானும் எழுத நல்ல விஷயம் ஒன்று இருக்குமே.

உன் குப்பியைச் சாதாரணத் தபாலில் போடாதே, ஸ்பீட் போஸ்ட்டில் போடு. குப்பியைச் சுற்றிப் பஞ்சு வை. காய்ந்த மகரந்தம் இரண்டு மூன்று நாள் பயணத்தைத் தாங்கும், ஆனால் வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க எங்காவது சூட்டில் கிடக்கும். திங்கட்கிழமை காலையில் அனுப்பு.

ஏப்ரல் கடைசியில் என் வெள்ளை பூக்கும்போது நீயே வந்து தொட்டு வைத்தால் இன்னும் சந்தோஷம். வந்தே பாரத்தில் ஏறினால் ஒரே பகலில் இங்கே வந்துவிடலாம், மாடிப்படியும் பத்துதான். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாடி. மொட்டு விரிகிற அன்றைக்கு மறக்காமல் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
மீனா